அதிர்ச்சி நினைவைத் தணிக்க இரு வழிகள்: இஎம்டிஆரும் நீடித்த எதிர்கொள்ளலும்

சாலை விபத்தோ பாலியல் வன்முறையோ நிகழ்ந்து பல மாதங்கள் சென்ற பின்னும், அதன் நினைவு நேற்று நடந்ததைப் போல எழுந்து உறக்கத்தைக் கெடுக்குமானால், அது பிடிஎஸ்டி எனப்படும், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறா என்று மருத்துவர்கள் ஆராய்வார்கள். இதற்கென நன்கு ஆராயப்பட்ட உளவியல் சிகிச்சைகளுள் இரண்டை இங்கே எடுத்துக்கொள்வோம்: எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை, ஃபிரான்சின் ஷாபிரோ 1987இல் தொடங்கி வளர்த்தெடுத்த, கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர். இரண்டுமே நோயாளியை அந்த நினைவிடம் அழைத்துச் செல்கின்றன. அங்கே அவரை என்ன செய்யச் சொல்கின்றன என்பதில்தான் பிரிகின்றன.

எதிர்கொள்ளல் சிகிச்சையில் நோயாளி கண்களை மூடிக்கொண்டு, “லாரி எதிரே வருகிறது, பிரேக்கை மிதிக்கிறேன்” என்று நடந்ததை நிகழ்காலத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். அந்தப் பேச்சைப் பதிவு செய்து, வீட்டில் நாள்தோறும் கேட்கச் சொல்வார்கள். விபத்து நடந்த சாலையில் மீண்டும் செல்வது போன்ற, தவிர்த்து வந்த செயல்களையும் படிப்படியாகச் செய்தாக வேண்டும். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள் ஆகும்.

எட்டுக் கட்டங்கள் கொண்ட இஎம்டிஆரில் நோயாளி மிகக் கொடிய காட்சியையும், ‘எனக்குப் பாதுகாப்பில்லை’ என்பது போல அதனோடு ஒட்டிய எண்ணத்தையும், உடலில் அது உறுத்தும் இடத்தையும் மனத்தில் நிறுத்தி, வேதனையை 0 முதல் 10 வரை மதிப்பிடுகிறார். பிறகு இடமும் வலமும் அசையும் சிகிச்சையாளரின் விரல்களைக் கண்களால் தொடர்கிறார். விரல்கள் நின்றதும், “இப்போது என்ன தோன்றுகிறது?” என்று கேட்கப்படும், ஓரிரு சொற்களில் பதில் சொன்னால் போதும்.

விரிவான விவரிப்போ வீட்டுப்பாடமோ இதற்குத் தேவையில்லை என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் குறிப்பிடுகிறது. நடந்ததைச் சொல்ல நா எழாதவருக்கும், அந்த ஒலிப்பதிவைத் தனியே கேட்க வீட்டில் ஓர் அறைகூட இல்லாதவருக்கும் இது சிறிய சலுகையன்று. அதற்காக இதை வலியில்லாத வழி என்று விளம்பரம் செய்வது சரியல்ல. அமர்வின்போது அழுகையும் நடுக்கமும் வரக்கூடும், இடைப்பட்ட நாட்களில் கனவுகள் கூடவும் கூடும்.

ஆதாரத்தைப் பொறுத்தவரை அமைப்புகளின் தீர்ப்பு ஒன்றுபோல் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2017இல் எதிர்கொள்ளல் சிகிச்சையை உறுதியாகவும், இஎம்டிஆரை நிபந்தனையோடும் பரிந்துரைத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் போர் சாராத அதிர்ச்சிகளுக்கு இஎம்டிஆரை ஏற்றது. கண்ணசைவுதான் குணப்படுத்துகிறதா என்பதிலும் வழக்கு தீரவில்லை. அது கூடுதல் பயன் தரவில்லை என்றது, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2001இல் வந்த தொகுப்பாய்வு. தருகிறது என்றது 2013இல் வந்த மற்றொன்று. விரலைத் தொடரும் வேலை, அந்த நேரத்தில் மனம் கையாளக்கூடிய குறுகிய நினைவாற்றலில் இடம்பிடிப்பதால் காட்சியின் கூர்மை மங்குகிறது என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது; மூளையின் இரு பாதிகளும் ‘ஒத்திசைகின்றன’ என்ற பேச்சுக்கு அந்த அளவு வலுவில்லை.

பதற்றம் மட்டுமே தொல்லை என்றால் கணக்கு மாறுகிறது. திடீர்ப் பீதி, கூட்டத்தைக் கண்டு அச்சம், ஓயாத கவலை ஆகியவற்றுக்கு எண்ணங்களையும் செயல்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையே இன்னும் முதல் தெரிவு. அங்கே இஎம்டிஆருக்கான சான்று மெலிந்தது. பதற்றத்தின் வேர் குறிப்பிட்ட ஒரு நிகழ்வில் இருப்பது தெளிவாகத் தெரிந்தால் அதைப் பரிசீலிக்கலாம்.

இவையெல்லாம் பயிற்சி பெற்றவர் கிடைத்தால்தான். சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் உள்ளூர் ஆலோசகர்களுக்குப் பயிற்சியளித்து, எதிர்கொள்ளலின் உறவுமுறையான, வாழ்க்கைக் கதையாக நடந்ததைச் சொல்ல வைக்கும் கதைவழிச் சிகிச்சையைக் குழந்தைகளுக்கு ஆறே அமர்வுகளில் வழங்கினர். அதனோடு ஒப்பிட்டுப் பார்த்த தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தன. எனவே சிகிச்சையின் பெயரை மட்டும் பார்த்து நாள் குறிக்காமல், அதில் சிகிச்சையாளர் எங்கே பயின்றார், யாருடைய மேற்பார்வையில் பணிபுரிகிறார், நோயாளி நினைவில் மூழ்கித் தன்னிலை தப்பினால் அமர்வை எப்படி நிறுத்துவார் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.