பாட் வேப்புக்கு ஆர்.பி.ஏ வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

லண்டனில் இருக்கும் நம்மவர்கள் சிலர் கடந்த சில மாதங்களாக என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பாட்ல போடுற ஆர்.பி.ஏ எப்படி இருக்கு, வாங்கலாமா?” நல்ல ஆர்.பி.ஏ-க்கள் சந்தையில் உண்டு. ஆனால் நான் வாங்கிய பொருளும், அதை விற்றவர்கள் நடந்துகொண்ட விதமும் வேறு யாருக்கும் நேரக்கூடாது என்பதால் முழுவதையும் எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. இந்தப் பெயரை மூடிவிட்டு நாளைக்கே வேறு பெயரில் திறப்பார்கள், அதனால் பெயரைவிட அவர்களுடைய வேலையை அடையாளம் கண்டுகொள்வது முக்கியம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. வேப் என்பது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட், பாட் என்பது அதில் திரவம் நிற்கும் சின்னக் கூடு. பாட் வேப்பில் ஆலையிலேயே கட்டி மூடிய ‘காயில்’ (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள் கொண்ட உருளை) ஒன்றைச் செருகுவோம். சுவை கருகியதும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைச் செருகுவோம். ஆர்.பி.ஏ (ரீபில்டபிள் அட்டமைசர்) என்பது அந்தக் காயிலுக்குப் பதிலாகப் பொருந்தும் சின்ன உலோக உருளை. உள்ளே இரண்டு திருகு. கம்பிச்சுருளை நாமே மாட்டி, பஞ்சைக் கோத்து, மூடிக்கொள்ளலாம். ஐந்து காயில் கொண்ட பெட்டி இங்கே 12, 15 பவுண்ட் ஆகிறது. நாள் முழுக்க இழுப்பவருக்கு ஒரு காயில் இரண்டு வாரம் தாண்டுவதே அரிது. கம்பிக்கும் பஞ்சுக்கும் ஆகும் செலவோ சில பென்ஸ்தான். கணக்கு அவ்வளவு தெளிவாக இருப்பதால்தான் ஆசை வருகிறது.

ஆசையைத் தூண்டும் காலமும் இதுதான். 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை பிரிட்டனில் விற்கக்கூடாது. வேப் திரவத்துக்கு 10 மி.லி.க்கு 2.20 பவுண்ட் என்ற புதிய வரியை 2026 அக்டோபர் 1-ஐத் தொடக்க நாளாக வைத்து அரசு அறிவித்தது. சிகரெட்டை விட்டுவிட்டு இதில் நிற்கிற மனிதர், செலவை எங்கே குறைக்கலாம் என்று தேடத்தானே செய்வார்? அந்தத் தேடலைக் குறிவைத்துத்தான் வலை விரித்திருக்கிறார்கள்.

நான் பார்த்த விற்பனைப் பக்கத்தில் “லண்டன் கிடங்கிலிருந்து மறுநாளே வரும்” என்று கொட்டை எழுத்தில் இருந்தது. விலை 19 பவுண்ட். பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் அசல் பொருள் என்று படம், முத்திரை எல்லாம். கூடவே நூற்றுக்கணக்கில் ஐந்து நட்சத்திர மதிப்புரைகள். பணம் கட்டியபின் வந்த கண்காணிப்பு எண்ணைப் போட்டால் பொட்டலம் ஷென்ஜென்னில் இருக்கிறது. ஷென்ஜென்னில் செய்வதில் தவறில்லை. உலகத்தின் பெரும்பாலான வேப் கருவிகள் அந்த நகரத்தில்தான் உருவாகின்றன. லண்டன் கிடங்கு என்று எழுதிவிட்டு அங்கிருந்து அனுப்புவதுதான் பொய். மதிப்புரைகளைக் கீழே உருட்டிக்கொண்டே போனால், பழையவை பலவும் கைப்பேசி உறையைப் பற்றி எழுதப்பட்டவை. வேறு ஒரு பொருளுக்குச் சேர்ந்த நட்சத்திரங்களை அப்படியே இதற்கு ஒட்டிவிட்டிருக்கிறார்கள். போலி மதிப்புரை இங்கே 2025 ஏப்ரலிலிருந்து சட்டப்படியே தடைசெய்யப்பட்ட வேலை.

பெட்டியின் பக்கவாட்டில் சுரண்டிப் பார்க்கும் பாதுகாப்பு எண் இருந்தது, பக்கத்திலேயே க்யூ.ஆர். குறியும். ஸ்கேன் செய்தால் “அசல் பொருள், வாழ்த்துகள்” என்று பச்சை நிறத்தில் ஒரு பக்கம் திறக்கிறது. முகவரியைக் கவனித்தேன்: நிறுவனத்தின் பெயரோடு இரண்டு எழுத்து கூடுதலாக இருந்தது. வாய்க்கு வந்த எண்களைத் தட்டிப் பார்த்தேன். அதற்கும் “அசல் பொருள், வாழ்த்துகள்” என்றே வந்தது. நிறுவனத்தின் உண்மையான தளத்துக்குப் போய்ப் பெட்டியில் இருந்த எண்ணைப் போட்டபோது, அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது. இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: பெட்டியில் உள்ள க்யூ.ஆர். குறியை நம்பாதீர்கள், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து சரிபாருங்கள்.

அதோடு இணைத்து அனுப்பிய பாட் 4.5 மி.லி. கொள்ளும். பிரிட்டனில் 2016-இல் வந்த விதிகளின்படி நிக்கோட்டின் திரவம் ஊற்றும் தொட்டி 2 மி.லி.க்கு மேல் இருக்கக்கூடாது. பாட்டின் மேலேயே பெரிதாக 4.5 என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்த நாட்டு விதிகளைப் பற்றி அவர்களுக்குத் துளியும் கவலையில்லை என்பதற்கு அது போதும்.

இனி உருளைக்கு வருகிறேன். துடைத்தபோது துணியில் கறுப்பு எண்ணெய் ஒட்டியது. உலோகத்தைக் கடைந்தபோது பூசிய எண்ணெயைக் கழுவாமலேயே பொதிந்திருக்கிறார்கள், அதுவும் நாம் மூச்சில் இழுக்கும் பொருளில். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, உலர்த்தி, அவர்களே கொடுத்த கம்பிச்சுருளை மாட்டினேன். காகிதத்தில் 0.6 ஓம் (மின்தடையின் அளவு) என்றிருந்தது. கருவியின் திரையும் முதலில் 0.6 காட்டியது. மூடியைத் திருகினால் 0.44. பாட்டை லேசாக ஆட்டினால் 0.31. மறுபடி 0.58. சூடாகாத காயிலில் எண் இப்படிக் குதிக்கக் கூடாது. பட்டனைத் தொடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு லண்டன் டூட்டிங்கில் உள்ள வேப் கடைக்குப் போனேன்.

அங்கே வேலை செய்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி இதில் கைதேர்ந்தவர். ஓம் அளக்கும் மேடையில் வைத்துப் பார்த்தார், பிறகு பூதக்கண்ணாடியால் அடிப்பாகத்தைப் பார்த்தார். “அண்ணை, இதை மட்டும் போட்டு அமத்திப் போடாதேங்கோ. நடுவில இருக்கிற பின்னைச் சுத்தி வாற வளையம் இளகிப்போய் இருக்கு, பின் ஆடுது. ஒருபக்கம் சாய்ஞ்சால் நேரா ஷோர்ட்தான்” என்றார். சின்ன இடுக்கியால் அந்தப் பின்னை அசைத்தும் காட்டினார். பல் ஆடுவதுபோல் ஆடியது.

இது ஏன் சாதாரணக் குறை இல்லை என்று கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த நடுப் பின்தான் பேட்டரியின் நேர்முனை. சுற்றியுள்ள உலோக உடல் எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே இருப்பது நகத்தின் தடிமன்கூட இல்லாத ஒரு காப்பு வளையம். அது நகர்ந்தால் மின்சாரம் கம்பிச்சுருள் வழியாகப் போகாது, உடல் வழியாகவே பாயும், அதுதான் ஷார்ட். முழுச் சார்ஜில் லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட். 0.6 ஓமுக்கு 7 ஆம்பியர். பெரும்பாலான கருவிகள் தாங்கும். அதே தடை 0.3 ஆனால் 14 ஆம்பியர். 0.15-க்கு விழுந்தால் 28 ஆம்பியர். தனியாக விற்கும் நல்ல 18650 வகை உருளைப் பேட்டரிகளே 20, 25 ஆம்பியர் வரம்புக்குள் இருப்பவைதான். பாட்டுக்குள் அடைத்திருக்கும் சிறு பேட்டரி அவ்வளவு தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. என் கருவியில் ஷார்ட்டைக் கண்டால் மின்சாரத்தை வெட்டும் சிப் இருக்கிறது. திரையும் இல்லாமல், ஓம் காட்டாமல், மலிவு விலைக்கு விற்கிற கருவியில் யாராவது இதைச் செருகியிருந்தால்? அந்த விற்பனைப் பக்கத்தில் “எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும்” என்று வேறு எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு காயில் உலகத்தில் கிடையாது. வூப்பூ நிறுவனத்தின் பி.என்.பி வகைக் காயில் ஸ்மாக் நிறுவனத்தின் ஆர்.பி.எம் வகைப் பாட்டுக்குள் நிற்காது. ஒவ்வொரு வகைக்கும் தனி விட்டம், தனி உயரம். இறுகப் பொருந்தாத உருளை திரவத்தைக் கசியவிடும், தொடர்பும் விட்டுவிட்டு வரும்.

கம்பியிலும் பொய். உறையில் “கான்தால்” என்று போட்டிருந்தது. கான்தால் இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை; காந்தத்தில் ஒட்டும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. நிக்கல் கலந்த நைக்ரோமாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். எது என்று அவர்களைக் கேட்டேன், பதில் இல்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் நம்மில் ஏராளம், கவரிங் நகை போட்டால் காது புண்ணாகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். அவர்களில் ஒருவர் உறையை நம்பி இந்தக் கம்பியைச் சூடாக்கி மூச்சில் இழுத்தால் என்ன ஆவது? இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே தடிமனும் நீளமும் உள்ள நைக்ரோம் கம்பியின் தடை கான்தாலைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கான்தால் என்று நம்பி அட்டவணைப்படி சுற்றினால் நாம் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்த ஓமில் வந்து நிற்கும். 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தொட்டி வகை வேப் கருவிகளின் ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம் இருப்பதை அளந்து வெளியிட்டார்கள். சூடாகும் காயிலோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். முறையாகச் செய்த பொருளிலேயே இந்தக் கவலை இருக்கும்போது, எந்த உலோகம் என்றே சொல்லாத பொருளை எப்படி உதட்டில் வைப்பது?

அடுத்து, பணத்தைத் திரும்பக் கேட்ட கதை. முதல் மடல்: “நீங்கள் தவறாகக் கட்டியிருப்பீர்கள், வீடியோ அனுப்புங்கள்.” அனுப்பினேன். “வேறு கோணத்தில் அனுப்புங்கள்.” அதையும் அனுப்பினேன். பிறகு 15 சதவீதம் தருகிறோம், பொருளை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுத்ததும் 40 சதவீதம். அதையும் மறுத்ததும், உறை பிரித்த பொருள் சுகாதார விதிப்படி திரும்பப் பெற முடியாது என்றார்கள். கடைசியில், முழுப்பணம் வேண்டுமென்றால் என் செலவில் ஷென்ஜென்னுக்கு அனுப்பச் சொன்னார்கள். பின்தொடரும் வசதியோடு சீனாவுக்குப் பொட்டலம் அனுப்பக் கேட்ட கட்டணம் பொருளின் விலையைத் தொட்டது. நாம் அலுத்துப்போய் விட்டுவிட வேண்டும் என்பதற்காகவே படிப்படியாக அமைத்த வழி இது. ஒவ்வொரு பதிலும் வர நாலைந்து நாள் எடுத்ததும் அதற்காகத்தான்.

அவர்கள் சொன்னதில் ஒன்றுகூடச் சட்டப்படி நிற்காது. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப்பணம் கேட்கலாம். திருப்பி அனுப்பும் நியாயமான செலவும் விற்றவருடையது. உறை பிரித்தால் திரும்பப் பெற மாட்டோம் என்ற சுகாதார விலக்கு, மனம் மாறித் திருப்பித் தருபவர்களுக்கு மட்டும்தான். குறையுள்ள பொருளுக்குப் பொருந்தாது. ஆனால் கடல்தாண்டி இருப்பவரிடம் சட்டத்தைக் காட்டி என்ன பயன்? தளத்தின் அடியில் கொடுத்திருந்த நிறுவனப் பதிவு எண்ணை, பிரிட்டனில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் இலவசமாகத் தேடினேன். அது எப்போதோ கலைக்கப்பட்ட, வேப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நிறுவனத்தின் எண்.

பணத்தை மீட்டுத் தந்தது வங்கிதான். டெபிட் கார்டில் கட்டியதால் ‘சார்ஜ்பேக்’ (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை) கேட்டேன். இதற்குக் கால வரம்பு உண்டு, விசாவில் பொதுவாக 120 நாள். விற்றவர் இழுத்தடிப்பதும் அந்த நாளைக் கடத்தத்தான், ஆகவே பேச்சு எங்கும் போகவில்லை என்று தெரிந்ததும் வங்கிக்குப் போங்கள். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ஓம் குதிக்கும் வீடியோ, மடல்கள், போலித் தளத்தின் முகவரி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் வாங்கியிருந்தால் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி வங்கியும் பொறுப்பு. நான் வாங்கியது அதற்குக் கீழே, எனவே அந்த வழி இல்லை. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் வழியாக, வணிக முறைகேடுகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ-வின் ‘யெல்லோ கார்டு’ என்ற புகார் முறை வழியாகப் பாதுகாப்புக் குறை என்றும் புகார் பதிந்தேன். மருந்துகளுக்கு மட்டும்தான் யெல்லோ கார்டு என்று பலர் நினைக்கிறார்கள். வேப் கருவிக்கும் அதே இடம்தான்.

வேறு கடையில் ஆர்.பி.ஏ வாங்கினாலும் பஞ்சு வைக்குமுன் சில நிமிடம் செலவழியுங்கள். நடுப் பின்னைப் பல்குச்சியால் தள்ளிப் பாருங்கள், மயிரிழைகூட அசையக் கூடாது. திருகுகளை இரண்டு மூன்று முறை இறுக்கித் தளர்த்துங்கள். மரை தேய்வது அப்போதே தெரிந்துவிடும். கம்பியின் நுனிகளைத் திருகை ஒட்டி வெட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் நுனி மூடியைத் தொட்டால் அதுவும் ஷார்ட்தான். சுருள் நட்டநடுவில், மூடியின் சுவரைத் தொடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓம் அளவு: மூடிக்கு முன், மூடியபின், பாட்டுக்குள் செருகியபின். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், 0.02, 0.03 வித்தியாசத்தைப் பொறுக்கலாம், அதைத் தாண்டினால் பட்டனைத் தொடாதீர்கள். பஞ்சு முழுதும் நனைந்தபின் மிகக் குறைந்த வாட்டில் தொடங்குங்கள். காய்ந்த பஞ்சு கருகும்போது வருவது கசப்பு மட்டுமல்ல, ஃபார்மால்டிஹைடும் வரும். திரை இல்லாத, ஓம் காட்டாத கருவியில் ஆர்.பி.ஏ-வே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பக்கத்தில் “சென்னை, சிங்கப்பூருக்கும் அனுப்புவோம்” என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இந்தியாவில் 2019 சட்டப்படி மின்சிகரெட்டை இறக்குமதி செய்வதும் விற்பதும் குற்றம்; முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். சுங்கத்தில் சிக்கினால் பதில் சொல்ல வேண்டியது பொட்டலத்தில் பெயர் உள்ளவர்தான். ஊரில் இருக்கும் தம்பிமார் யாராவது “மலிவா வருது அண்ணா” என்று கேட்டால் இதைக் காட்டுங்கள். சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இதைத் தொடவே வேண்டாம்.

நேற்றுத் தேடிப் பார்த்தேன். அதே உருளை, அதே படம், வேறு கடைப் பெயர், விலை 17 பவுண்ட். கைப்பேசி உறையைப் பற்றிய அதே மதிப்புரைகள் கீழே இருக்கின்றன. டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அந்தப் பக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். இதே பொருள் உங்களிடமும் வந்திருந்தால், எறிந்துவிடாமல் பெட்டியோடு வைத்திருந்து நீங்களும் புகார் கொடுங்கள்.