பத்தரை மணிக்குப் போங்கள்

நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகும் வழியில் உள்ள ஒரு நர்சரி. மாசி பிறந்ததும் முன்முற்றம் முழுக்கப் பத்துமணிப் பூவைத் தரையோடு தரையாகப் படரவிட்டிருக்கிறார்கள். முதல் தடவை காலை எட்டு மணிக்கே போய் ஏமாந்தேன், அத்தனையும் மொட்டு. வெயில் ஏறினால்தான் விரியும், பிற்பகலில் கூம்பிவிடும். மப்பும் மந்தாரமுமான நாளில் போகவே வேண்டாம்.

அடுத்த ஞாயிறு பத்தரைக்குப் போனேன். அடேயப்பா! குங்குமச் சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், வெள்ளையில் ரோஸ் கோடு இழுத்தது வேறு. குத்தவைத்து உட்கார்ந்து ஒரு பூவின் நடுவிலிருந்த கேசரங்களை விரல் நுனியால் தொட்டேன், மெல்ல அசைந்தன. தோவாளைப் பூச்சந்தையில் பூவைக் கிலோக்கணக்கில் பார்த்தே பழகியவள் நான். யாரும் பறிக்காத, தலையில் வைக்காத பூவை அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தது இதுதான் முதல் முறை.

தொட்டி 40 ரூபாய், நியாயமான விலை. “விரல் நீளத் தண்டை ஒடித்து மணலில் குத்தினாலே பிடித்துக்கொள்ளும் அக்கா” என்று கடைப்பெண்ணே சொல்லிவிட்டாள், பாவம், வியாபாரம் தெரியாதவள்.

குறை ஒன்றுதான்: தொட்டியில் களிமண்ணை அடைத்துத் தருகிறார்கள். தண்ணீர் வடியாமல் நான் வாங்கிய மூன்று செடிகளில் ஒன்று அழுகிவிட்டது. வாங்கி வந்த அன்றே மண்ணை மாற்றிவிடுங்கள்.