மீன் கடையில் விற்கப்படும் நிலச் செடிகள்: முதல் தொட்டி வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மீன் கடைத் தொட்டிக்குள் பச்சைப்பசேலென்று நிற்பதாலேயே ஒன்றை நீர்ச் செடி என்று நம்பிவிடாதீர்கள். சென்னை கொளத்தூரில், வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதியில், ஒரு கடைக்காரர் எனக்கு விற்ற ஐந்து வகைச் செடிகளில் நான்கு, மண் சட்டியில் வைத்து வாசலில் வளர்க்க வேண்டியவை. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த ஒரு கடையோடு நிற்கிற சங்கதி அல்ல இது. பக்கத்துக் கடைகளிலும் அதே சரக்கு கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதைப் பிறகு பார்த்தேன்.

இது என் முதல் தொட்டி, உயிருள்ள செடி வேண்டும், நியான் டெட்ரா, கோரிடோராஸ் மீன்கள் வளர்க்க விருப்பம் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். “கவலையை விடுங்கள் சார், எல்லாவற்றையும் நானே அமைத்துத் தருகிறேன், ஆறு மாதத்துக்கு நீங்கள் கை வைக்கவே வேண்டாம்” என்றார். இரண்டடித் தொட்டி, நீலச் சாயம் ஏற்றிய கல், பெயர் ஒட்டாத கறுப்பு உரப் பை, செடி, மீன் எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு வந்து இறங்கின. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் வாளியில் வெள்ளைப் படிவு விடும் ரகம் என்றதும், ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றச் சொன்னவரும் அவர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளில் இலைகள் மஞ்சளாகின. போய்ச் சொன்னேன், திரவ உரம் விற்றார். தண்டு கொழகொழவென்று ஆனது. மறுபடி போனேன், வெளிச்சம் போதவில்லை என்று புது விளக்கு விற்றார். மீன்கள் சாகத் தொடங்கியதும், “தீனி அதிகம் போட்டிருப்பீர்கள் சார்” என்றார்.

நர்சரி நடத்தும் என் அக்கா மகன் அந்த மாதமே வீட்டுக்கு வந்தது நல்லதாகப் போயிற்று. தொட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். “மாமா, இவற்றை நான் சட்டியில் வைத்து விற்கிறேன். தண்ணீருக்குள் ஏன் முக்கி வைத்திருக்கிறீர்கள்?” லக்கி பேம்பூ, மாண்டோ புல், சிங்கோனியம், சுருங்கிய ஊதா இலை கொண்ட பர்ப்பிள் வாஃபிள். ஐந்தாவதாக இருந்த அமேசான் ஸ்வார்டு ஒன்றுதான் உண்மையில் நீருக்குள் வாழக்கூடியது. லக்கி பேம்பூவின் வேர் மட்டும் நீரில் இருந்தால் அது செழித்து வளரும். இலையும் மூழ்கினால் அழுகும்.

நிலச் செடி நீருக்கடியில் உடனே சாவதில்லை என்பதில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமமே இருக்கிறது. தன்னிடம் உள்ள சேமிப்பை வைத்து வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மாண்டோ புல் மாதக்கணக்கில்கூட நிற்கும். அது அழுகும்போது, வாங்கியவர் தன் வளர்ப்பில்தான் ஏதோ குறை என்று நினைத்து, விற்றவரிடமே மருந்து கேட்டு வருவார்.

மீன்கள் செத்ததற்கும் கடைக்காரர் விற்ற சரக்குதான் காரணம். புதுத் தொட்டியில், மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர்ந்து நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்பே மீனை விட்டாயிற்று. அழுகும் இலையும் அந்தப் பெயரில்லா உரமும் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருந்தன. அம்மோனியா அளவைக் காட்டும் சோதனைத் திரவம் கரும்பச்சையாக மாறியது, அதாவது அளவு மிக அதிகம். நீலக் கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பளிங்கு, அதாவது கால்சியம் கார்பனேட். ஆர்.ஓ. தண்ணீர் போன்ற, உப்பு குறைந்த மென்மையான நீரில் அது மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் ஏற்றும். காரமும் சென்னை வெப்பமும் கூடக் கூட அதே அளவு அம்மோனியா மீனுக்கு இன்னும் கொடிய நஞ்சாகிறது. ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு அதற்குள் பளிங்கைக் கொட்டிய சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! கூரான விளிம்புள்ள அந்தக் கல்லைக் கிளறிக் கிளறி, தரையில் இரை தேடும் கோரிடோராஸின் மீசைகளும் தேய்ந்துபோயின.

கல் வாங்குமுன் ஒன்றை உடைத்து, உடைந்த முகத்தில் வினிகர் விடுங்கள். மேலே பூசிய சாயம் உண்மையை மறைக்கும் என்பதால் உடைப்பது அவசியம். குமிழி கிளம்பினால் வேண்டாம். புதியவருக்குச் சாயமில்லாத, சுமார் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள சிலிக்கா மணல் போதும். நீச்சல் குள வடிகட்டிக்குப் போடும் மணலும் இதே வகைதான். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப 9 லிட்டர் மணல் வேண்டும், எடையில் 13, 14 கிலோ. கலங்கல் நிற்கும்வரை கழுவுங்கள். மணலில் சத்து கிடையாது. அமேசான் ஸ்வார்டு போல வேரால் உண்ணும் செடிக்கு அருகே உர மாத்திரை புதைத்தால் சரியாகிவிடும்.

செடியில் வாலிஸ்நேரியா, ஹார்ன்வோர்ட், ஜாவா பாசி ஆகியவை சாதாரண விளக்கிலேயே வளரும். அனுபியாஸும் ஜாவா பெரணியும் அப்படித்தான், ஆனால் அவற்றின் கிடைத்தண்டை மணலில் புதைக்காமல் கல்லிலோ மரத்துண்டிலோ கட்ட வேண்டும். கடையில் செடியை நீரிலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வாலிஸ்நேரியா, ஹார்ன்வோர்ட் போன்றவை துவண்டு தொங்கும். விறைப்பாக நின்றால் சந்தேகப்படலாம். அனுபியாஸ் விறைப்பாகத்தான் இருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. பெயரைக் கேட்டு, அங்கேயே கைபேசியில் தேடிவிடுங்கள். கிரிப்டோகோரைன் என்ற நீர்ச் செடி இடம் மாறியதும் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அதைச் செத்ததென்று பிடுங்கி எறிய வேண்டாம்.

என்னைக் காப்பாற்றியது பில். அதில் ‘நீர்ச் செடி, 5 வகை’ என்று அவரே எழுதியிருந்தார். விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று முதலில் கறாராகப் பேசினார். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தது. செடிக்கும் கல்லுக்கும் பணம் திரும்பியது. மீன் உயிருள்ள சரக்கு, அதற்கு உத்தரவாதம் கிடையாதாம். உரத்துக்கும் விளக்குக்கும் வாங்கிய பணத்தைப் பற்றி இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.