உடனே விலை சொல்வதா, ஒரு நாள் கேட்பதா?

"இன்று மாலைக்குள் விலை வேண்டும்" என்று பையரின் (ஆடை வாங்கும் நிறுவனத்தின்) மெயில் வந்ததும், திருப்பூர் ஆடை நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர்கள் (பையரிடம் பேசி ஆர்டரைக் கவனிப்பவர்கள்) தவித்துப்போகிறார்கள்.

செலவு
உடனே சொன்னால்: அவசரத்தில் கை பழைய காஸ்டிங் ஷீட்டைத்தான் (செலவுக் கணக்குத் தாளை) தேடும். அதில் துணி 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று இருக்கும், பையர் கேட்டதோ 180. துணி எடை 12.5 சதவீதம் கூடியது விலையில் ஏறாமலே மெயில் போய்விடும். பீஸுக்கு 5 ரூபாய் விட்டால்கூட 10,000 பீஸுக்கு 50,000 ரூபாய் போச்சு. பதற்றத்தில் இருக்கும்போது இந்த ஒரு வரி கண்ணில் படவே படாது.
நாள் கேட்டால்: அன்றைய நூல் விலை, சாயக் கூலி, ப்ராசஸ் லாஸ் (சாயமிடுவது போன்ற வேலைகளில் வீணாகும் துணி) எல்லாவற்றையும் விசாரித்துவிடலாம்.

ஆர்டர்
உடனே: பையர் மனதில் முதலில் நிற்போம்.
நாள் கேட்டால்: கைநழுவவும் கூடும். ஆனால் "பார்த்துச் சொல்கிறேன்" என்று இழுக்காமல், "நாளை காலை 11 மணிக்கு" என்று நேரம் சொல்லிக் கேட்பது நல்லது.

ஏற்கெனவே ஓடும் ஸ்டைல், அதே துணி என்றால் உடனே கொடுங்கள். புதுத் துணி, பிரிண்ட், எம்பிராய்டரி இருந்தால் தயங்காமல் நாள் கேளுங்கள். அதுவும் முடியாதா? சரி, ஜிஎஸ்எம்மையும் நூல் விலையையும் மட்டுமாவது பார்த்துவிட்டு, இந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எழுதி அனுப்புங்கள்.