ஈஎஸ்பி32-இல் சொக்கெட் வழியாகச் செய்தி வாங்குவது: நீண்ட நாள் பாவனைக்குப் பிறகு

நோர்வூட் பக்கத்து நண்பர் ஒருவரின் கேள்விக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியின் காத்தாடியை ஈஎஸ்பி32 என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்ட் ஓட்டுகிறது. அலுவலகக் கணினி அனுப்பும் கட்டளையை அது சொக்கெட் (வலைத் தொடர்பின் முனை) வழியாக வாங்குகிறது. "அண்ணே, கரண்ட் போய் வந்த பிறகும் போர்ட் உயிரோடதான் இருக்கு, லைட்டும் மினுங்குது. ஆனா ஒரு செய்தியும் வாங்குதில்ல. போர்ட் பழுதா?"

பழுதில்லை தம்பி. ரிசீவ், அதாவது சொக்கெட்டிலிருந்து செய்தி வாங்கும் அழைப்பு, காத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் நேரம் குறித்துக் கொடுக்கவில்லை என்றால் அது அப்படியே இருக்கும், இன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த மாதமும்.

கரண்ட் போகும்போது ரவுட்டர் சின்ன யூபிஎஸ்ஸில் ஓடுகிறது, போர்ட் பெட்டரியில் ஓடுகிறது, அலுவலகக் கணினி மட்டும் பட்டென்று நின்றுவிடுகிறது. முறையாக மூடியிருந்தால் டிசிபி (இரு பக்கமும் தொடர்பு வைத்துச் செய்தி கடத்தும் முறை) 'முடித்துவிட்டேன்' என்று ஒரு ஃபின் பெக்கெட் அனுப்பிவிட்டுப் போயிருக்கும். ரிசீவ் 0 என்று திரும்பியிருக்கும். செத்த கணினி எதையும் அனுப்பாது. மீண்டும் எழும்பும்போது அதற்குப் பழைய தொடர்பே ஞாபகமில்லை. உங்கள் போர்ட் ஒரு பைட் அனுப்பியிருந்தால் 'அப்படியொரு தொடர்பே இல்லை' என்று ரீசெட் பெக்கெட் வந்து குட்டு உடைந்திருக்கும். ஆனால் அது வாங்க மட்டுமே செய்கிறது, ஆகவே தொடர்பு இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும். வாட்டும் தொட்டியின் காத்தாடிக்கு 'நில்' என்ற கட்டளை வந்து சேராது. 12 முதல் 18 மணி நேரத்தில் வாட வேண்டிய கொழுந்து, விடிய விடியக் காற்றடித்தால் ரோலருக்குப் போடும் பதம் தாண்டிவிடும்.

எனக்குக் கோபம் வருவது இதற்கடுத்த இடத்தில். வாட்ச்டோக் (நிரல் சிக்கிக்கொண்டால் கண்டுபிடிக்கும் காவல் டைமர்) பிடித்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பிடிக்காது. ஈஎஸ்பி32-க்கு நிரல் எழுதும் தொகுப்பான ஈஎஸ்பி-ஐடிஎஃப்பின் டாஸ்க் வாட்ச்டோக் தானாகக் கவனிப்பது, வேறு வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் டாஸ்க்கை மட்டும். ரிசீவில் தூங்கும் டாஸ்க் சிபியூவைத் தொடுவதே இல்லை, அதனால் ஐடில் டாஸ்க் சுகமாக ஓடும், வாட்ச்டோக்கும் திருப்தியாக இருக்கும். மினுங்கும் லைட் வேறொரு டாஸ்க், அதை நம்பவே கூடாது.

செய்ய வேண்டியது இது. சொக்கெட் திறந்தவுடன், அதன் அமைப்புகளை மாற்றும் செட்சொக்ஆப்ட் அழைப்பின் மூலம் ரிசீவ் டைம்அவுட்டை 3 செக்கன் என்று வையுங்கள். அந்த நேரத்தைக் கொடுக்கும் டைம்வால் கட்டமைப்பில் செக்கன், மைக்ரோசெக்கன் இரண்டையும் நிரப்புங்கள். இரண்டும் 0 என்றால் 'முடிவில்லாமல் காத்திரு' என்றே பொருள். நேரம் முடிந்தால் ரிசீவ் -1 தரும், எர்நோ என்ற பிழை எண்ணில் 11, அதாவது ஈஅகெய்ன் ('மறுபடி முயற்சி செய்') இருக்கும். அது பிழையில்லை, சொக்கெட்டை மூடாதீர்கள், எண்ணிக்கை மட்டும் வையுங்கள். அலுவலகப் பக்கத்து நிரல் 10 செக்கனுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு செய்தி அனுப்பட்டும். தொடர்ந்து 15 தடவை, அதாவது 45 செக்கன், ஒன்றும் வராவிட்டால் காத்தாடியைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோய், சொக்கெட்டை மூடி, மறுபடி இணையுங்கள். அந்த டாஸ்க்கையும் வாட்ச்டோக்கில் பதிந்து, ஒவ்வொரு சுற்றிலும் ரீசெட் செய்யுங்கள்.

கீப்அலைவ் (மறுபக்கம் உயிரோடு இருக்கிறதா என்று டிசிபியே சோதிக்கும் வசதி) போதாதா என்று கேட்பீர்கள். அதை நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கினாலும், எண்களைத் தொடாமல் விட்டால் 7,200 செக்கன் கழித்துத்தான் முதல் சோதனை. பிறகு 75 செக்கன் இடைவெளியில் 9 தடவை. இரண்டு மணி நேரம் தாண்டித்தான் விஷயம் தெரியும். முதல் சோதனை 30 செக்கனில், இடைவெளி 5 செக்கன், 3 தடவை என்று மாற்றினால் முக்கால் நிமிடம்.

ரிசீவ் 0 தந்தால் உடனே கட்டாயம் மூடுங்கள். சொக்கெட் எண்ணிக்கை மாற்றாவிட்டால் 10. மூடாமல் புதிது புதிதாகத் திறந்துகொண்டே போனால் பத்தோடு நின்றுவிடும். இன்னொன்று: டிசிபிக்குச் செய்தி எல்லை கிடையாது. 24 பைட் செய்தி இரண்டு அனுப்பினால் 48 ஆக ஒன்றாக வரலாம், 24உம் 10உம் 14உமாகப் பிய்ந்தும் வரலாம். முன்னால் 2 பைட்டில் நீளத்தை வைத்து, அவ்வளவும் சேரும் வரை சுற்றி வாங்குங்கள். 1 கிலோபைட் பஃபரை (வாங்கும் செய்தியை வைக்கும் இடம்) டாஸ்க்கின் 2,048 பைட் ஸ்டேக்கில் போடாதீர்கள், அந்தத் தற்காலிக நினைவகத்தில் இடம் போதாது.

நியாயமாகச் சொன்னால், இந்தப் போர்டில் டிசிபியை ஓட்டும், அடம் டங்கல்ஸ் ஸ்வீடனில் எழுதிய எல்டபிள்யூஐபி என்ற நிரல் தொகுதி அருமையான வேலை. ஏறத்தாழ 40 கிலோபைட் ரொமில் முழு டிசிபி. மடிக்கணினியில் சோதித்த சொக்கெட் நிரல் கிட்டத்தட்ட அப்படியே போர்டில் ஓடுவதைப் பார்க்கும்போது இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனாலும் காத்தாடிக் கட்டளைக்கு நான் இனி டிசிபி பாவிக்க மாட்டேன். யூடிபி (தொடர்பு வைக்காமல் பெக்கெட்டைத் தனித்தனியாக அனுப்பும் முறை) பாவிப்பேன். அதில் அறுந்துபோகத் தொடர்பே இல்லை. கணினி எழும்பியதும் அடுத்த பெக்கெட் நேரே வந்து சேரும். ஒவ்வொரு கட்டளைக்கும் வரிசை எண் கொடுத்து, போர்ட் அதையே திருப்பி அனுப்பட்டும். திரும்பி வராவிட்டால் கணினி மறுபடி அனுப்பட்டும். டைம்அவுட் இங்கேயும் வேண்டும். யூடிபியில் செய்தி வாங்கும் ரிசீவ்ஃப்ரம் 0 தந்தால் இங்கே அது வெறும் பெக்கெட், மூடுதல் அல்ல.

யூடிபியில் பெரிய இடைஞ்சல், வந்த பெக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசைதான். எண்ணை மாற்றாவிட்டால் ஒரு சொக்கெட்டுக்கு 6 பெக்கெட்தான் காத்திருக்கும். 12 தொட்டிகளின் சென்சார்கள் ஒரே செக்கனில் அனுப்பும்போது வாங்கும் டாஸ்க் வேறு வேலையில் இருந்தால், 7ஆவது முதல் காணாமல் போகும், எந்தப் பிழையும் வராது. ஈஎஸ்பி-ஐடிஎஃப்பின் அமைப்புப் பட்டியலான மெனுகொன்ஃபிக்கில் இந்த வரிசையை, அதாவது யூடிபி ரிசீவ் மெயில்பொக்ஸை, 16 ஆக்குங்கள். சென்சார் எண்ணை 200 மில்லிசெக்கனால் பெருக்கி அவ்வளவு தள்ளி அனுப்பவையுங்கள். பெக்கெட் பஃபரைவிடப் பெரிதாக இருந்தால் மிச்சம் வெட்டப்படும், ரிசீவ்ஃப்ரம் அதைச் சொல்லாது. எதிர்பார்க்கும் நீளத்தைவிட ஒரு பைட் கூடுதலாகப் பஃபர் வையுங்கள். அந்தக் கடைசி பைட்டும் நிரம்பி வந்தால் பெக்கெட்டை எறிந்துவிடுங்கள்.