தூண்டில் ராடு கார்க் கைப்பிடி வேலைக்கு 4,600 ரூபாய் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

கைப்பிடி மாத்தி முந்தாநாள் கூரியர்ல வந்த தூண்டில் ராடு. இன்னைக்குக் காலையில கண்மாய்க் கரையில ரெண்டு மணி நேரம்தான் கையில இருந்துச்சு. கைப்பிடியில நீளவாக்குல விரிசல் விழுந்து, ஓரம் வாழைமட்டை உரியுற மாதிரி உரிஞ்சு வந்திருச்சு. கூலி 4,600 ரூபாய்.

பேரு போடல. சமூக வலைதளத்துல பக்கம் வச்சு, ராடைக் கூரியர்ல வாங்கி வேலை பார்த்து அனுப்புற ஆளுங்கன்னு வச்சுக்கோங்க. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தேடி யாரும் சிக்கல, அதான் அங்க போனது. கார்க்கை எப்படிப் பார்த்து வாங்கணும், எப்படிப் பராமரிக்கணும்னு கடைசியில வரிசையா எழுதுறேன்.

பேசின வேலை இதுதான். பின்பிடி, அதாவது ரீலுக்குப் பின்னாடி இருக்கிற பிடி, 7 அங்குலம். அரை அங்குலக் கனத்துல 14 கார்க் வளையம். பழசைச் சுரண்டி எடுத்துட்டு, அடிப்பக்கமா வளையங்களைக் கோத்து, எபாக்சிப் பசை தடவி இறுக்கி ஒரு ராத்திரி விடணும். காய்ஞ்சப்புறம்தான் உப்புத்தாள். ரீலுக்கு முன்னாடி இருக்கிற முன்பிடிக்குப் புது வளையம் வேண்டாம், குழியை அடைச்சுத் தேய்ச்சாப் போதும். அடிப்பக்கத்தை விட அந்த இடத்துல ராடு ஒல்லி. அடி வழியா நுழையுற வளையம் அங்க லொடலொடன்னு நிக்கும்.

நம்ப வச்சது ஒரே ஒரு போட்டோ. என் ராடுல 14 வளையமும் வளையல் கடை அடுக்கு மாதிரி வரிசையா, ஒவ்வொண்ணு மேலயும் பென்சில்ல நம்பர் போட்டு. "பாருங்கண்ணே, போர்ச்சுகல் சரக்கு, குழியே கிடையாது, மரத்தூள் அடைச்சு ஏமாத்துற வேலை நம்மகிட்ட இல்ல"ன்னு குரல் பதிவு வேற. கார்க்ங்கிறது ஒரு மரத்தோட பட்டை. அந்த மரத்துல 9 வருசத்துக்கு ஒரு தடவைதான் பட்டை உரிப்பாங்க, குழியில்லாத துண்டு கிடைக்கிறது அருமை. அதைத் தெரிஞ்சு பேசுறானேன்னு மீதிப் பணத்தையும் அந்த நிமிசமே அனுப்பியாச்சு. மொத்தம் 4,600.

மறுநாள் மத்தியானம் "முடிஞ்சிருச்சுண்ணே"ன்னு செய்தி. எபாக்சிக்கு ஒரு ராத்திரி, குழி அடைப்புக்கு ஒரு ராத்திரி, அப்புறம் தண்ணி இறங்காம இருக்கப் பூசுற சீலர். எப்படிடா முடியும்? அங்கயே உறைச்சிருக்கணும்.

உரிஞ்ச இடத்துல நகத்தை விட்டுப் பார்த்தா உள்ள கறுப்பு ஃபோம். அதுக்கு மேல அட்டை கனத்துல ஒரு கார்க் தாள். மோந்து பார்த்தா பஞ்சர் கடை வாசனை, ரப்பர் சொல்யூசன்! தாளோட ரெண்டு ஓரமும் சேர்ற கோடு தெரியாம இருக்க, ஆத்தங்குடிக் கல்லு தரை மாதிரி வார்னிஷ். போட்டோவுக்கு வளையத்தைச் சொருகிட்டு உருவிட்டான்.

வார்னிஷ் ஏன் ஆகாதுன்னா, கார்க் கை அழுத்தத்துக்கு அமுங்கிக் கொடுக்கும், வார்னிஷ் கொடுக்காது. மயிரிழை விரிசல் விழும், அது வழியா தண்ணி இறங்கும், வெளிய வராது. போதாததுக்கு ஈரக்கையில வழுக்கும். இன்னொண்ணு, முன்பிடியைத் தேய்க்கும்போது மாஸ்கிங் டேப் ஒட்டாம தேய்ச்சிருக்கான். பிடிக்கு மேல ராடைச் சுத்தி வட்ட வட்டமா கீறல். கிராஃபைட் ராடு, வெளி நார் அறுபட்டா பெரிய விரால் இழுக்கையில முறியுறது அந்த இடத்துலதான். 4,600-ஓட நிக்குமான்னே தெரியல.

போன் போட்டா முதல்ல, "வெயில்ல வச்சிருப்பீங்கண்ணே, உங்க செட்டிநாட்டு வெயிலுக்கு எந்தக் கார்க்கும் நிக்காது." அது வெயில்ல காயுற மரத்தோட பட்டைதான்யா. ரெண்டாவது தடவை, "கூரியர்ல அடி வாங்கியிருக்கும்." மூணாவது, "ஓனர் வெளியூர்ல இருக்காருண்ணே, நான் வேலைக்கு நிக்கிற பையன்." குரல் அதே குரல். இப்ப நீல டிக் விழுது, பதில் இல்ல. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிஞ்சாச்சு.

வரிசையா எழுத இப்பப் பொறுமை இல்ல. அவசரத்துக்கு இதை மட்டும் பாருங்க. உண்மையான கைப்பிடியில கோடு குறுக்க, வட்டமா ஓடும். நீளவாக்குல ஒரே கோடு போனா அது சுத்தின தாள். பசை காயுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வீடியோ கேளுங்க, போட்டோவை நம்பாதீங்க. அப்புறம், புது ராடு கைப்பிடியில வர்ற பிளாஸ்டிக் உறையைக் கிழிச்சு எறிங்க. சோபா உறையையே கழட்டாத ஊரு நம்மூரு, ஆனா இதுக்குள்ள ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

அழுக்குக்குப் பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியும் பஞ்சும் போதும், ஊற வைக்காம தேய்ச்சு நிழல்ல காய வைங்க. சின்னக் குழியா? கார்க்கைத் தேய்ச்ச தூளைத் தண்ணி தாங்குற மரப் பசையில குழைச்சு அடைச்சு, ஒரு நாள் விட்டு, பிடிக்குப் பக்கத்துல ராடு மேல டேப் ஒட்டிட்டு 220, அப்புறம் 400 நம்பர் உப்புத்தாள். செலவு இருநூறு ரூபாயைத் தாண்டாது.

அந்தக் குரல் பதிவும் போட்டோவும் பத்திரமா இருக்கு. இதே மாதிரி 14 வளையப் போட்டோ யாருக்காவது வந்திருந்தா கீழ சொல்லுங்க.