பிஎம்ஐயா, இன்ச் டேப்பா? பொம்பளைங்க உடம்புக்கு எத நம்புறது

எங்க அண்ணி 5 அடி உயரம், 52 கிலோ, பிஎம்ஐ (எடைய உயரத்தோட சேர்த்து பாக்கற கணக்கு) 22.4. நம்ம ஊர்க்காரங்களுக்கு 23க்குள்ள இருந்தா நார்மல்தான், நாகேஸ்வர ராவ் பார்க்ல எங்க வாக்கிங் செட்லயே அவங்கதான் ஒல்லின்னு பேரு. போன மாசம் ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டுற ரத்த டெஸ்ட்) 6.1னு வந்துச்சு, அதாவது சுகர் எட்டிப் பாக்குற நிலைமை. அன்னைக்கே தையல் மெஷின் டிராயர்லேர்ந்து டேப்ப எடுத்து அளந்தேன், வயிறு 34 இன்ச்!

பிஎம்ஐ 1830கள்ல பெல்ஜியத்துல கெட்லேங்கிறவர் கூட்டத்தோட சராசரிய பாக்க போட்ட கணக்கு. கொழுப்பு எவ்ளோ, சதை எவ்ளோ, எந்த இடத்துல சேர்ந்திருக்குன்னு அதுக்கு எப்படி தெரியும்? நம்மாளுங்களுக்கு கை கால் குச்சியா இருக்கும், கொழுப்பு வயித்துக்குள்ள போய் உக்காந்துக்கும், ஆபத்தே அதுதான்.

வயிறு-ஹிப் கணக்குல (வயித்து சுத்தளவ, பின்பக்கம் பெருத்த இடத்து சுத்தளவால வகுக்கறது) பொம்பளைங்களுக்கு 0.85 தாண்டக்கூடாதுங்கறாங்க. ஆனா எனக்கும் வயிறு 34தான், ஹிப் 42, வகுத்தா 0.81, பாஸ்! ரெண்டும் சேர்ந்து பெருத்தா இது காட்டிக்கொடுக்காது, அதனால இத நான் விட்டுட்டேன்.

கால வச்சா ஃபேட் பர்சன்ட் சொல்ற மெஷின் லேசா கரன்ட் விட்டு உடம்புல இருக்கற தண்ணிய வச்சு கணக்கு போடுது, எங்க வீட்டுல ஒரே நாள்ல காலைல 33, ராத்திரி 30. டெக்ஸா ஸ்கேன் (எக்ஸ்ரே வச்சு கொழுப்ப அளக்கறது) நல்லாவே சொல்லும், ஆனா மாசாமாசம் அதுக்கு யாரு செலவு பண்றது.

எனக்கு புடிச்சது வயிறு-உயரம் கணக்கு. வயிறு உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும், அவ்ளோதான். அண்ணிக்கு 60 இன்ச் உயரம், 30க்குள்ள இருக்கணும், 4 இன்ச் ஜாஸ்தி. வயிறு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இன்ச் தாண்டக்கூடாதுன்னு நம்ம ஊர் பொம்பளைங்களுக்கு தனியாவும் ஒரு அளவு இருக்கு, ஆனா குள்ளமா இருக்கறவங்களுக்கு உயரத்தோட சேர்த்து பாக்கறதுதான் நியாயம்னு எனக்கு தோணுது.

ஒன்னு மட்டும் கவனிங்க, பாவாடை நாடா பதிஞ்ச தடத்துல அளக்காதீங்க, அது கீழ இருக்கு, அளவு தப்பா காட்டலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேல்முனைக்கும் நடுவுல, மூச்ச சாதாரணமா விட்டுட்டு, வயித்த உள்ள இழுக்காம அளக்கணும். அண்ணி மொதல்ல நாடா தடத்துல வச்சு 32ன்னாங்க, நான்தான் டேப்ப மேல ஏத்துனேன்.